அரிசி இருக்கிறது, பசியும் இருக்கிறது: மாதக் கடைசியில் உங்கள் வீட்டில் என்ன சமையல்?

1. ஏழாவது மாடி

நேற்று ராத்திரி எங்கள் பிளாக்கில் இருக்கும் ஒரு பெண் கதவைத் தட்டி ஒரு டம்ளர் துவரம்பருப்பு கேட்டார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது, "அரிசி இருக்குக்கா, அதுக்குப் பஞ்சமில்ல" என்றார். கடன் கேட்க வந்த கூச்சத்தில் சொன்னதுதான். ஆனாலும் அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. அதனால்தான் இந்த இழை.

நாங்கள் கூவக்கரையில் இருந்தவர்கள். 2018இல் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். பழைய இடத்தில் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பார், எல்லாம் நடக்கிற தூரம். இப்போது இரண்டு வீடுதான், அதற்கும் இரண்டு பஸ். 2021இலிருந்து வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, அது பெரிய உபகாரம். ஆனால் போக வர நாலு மணி நேரம் ஆகிறதே! அந்த நாலு மணி நேரத்தில்தான் மற்ற இரண்டு வீட்டு வேலையும் இருந்தது.

எங்கள் கார்டுக்கு மாதம் 20 கிலோ அரிசி, இலவசம். துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு பாக்கெட் 25 ரூபாய். ஐந்து பேர். பருப்பு பன்னிரண்டாம் தேதிக்குள் தீர்ந்துவிடும், எண்ணெய் பதினைந்து வரை இழுக்கும். வெளியே பருப்பு என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். இருபதாம் தேதிக்கு மேல் எங்கள் வீட்டில் ரசம், இல்லாவிட்டால் புளித்தண்ணீர். கேஸ் தீர்ந்தால் முழு சிலிண்டர் வாங்கப் பணம் இருக்காது, சின்ன சிலிண்டரில் கிலோ கணக்கில் அடைத்து வாங்குகிறோம். அது கிலோவுக்கு இன்னும் விலை கூட. இல்லாதவன் வாங்கும்போதுதான் எல்லாம் விலை கூடுகிறது.

வயிறு நிறைகிறது. ஆனால் அம்மா மத்தியானம் மூன்று மணிக்கு மயங்கி உட்கார்ந்துவிடுகிறார். இதைப் பசி என்று சொல்லலாமா, கூடாதா? உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் எப்படி?

2. கணக்குப்பிள்ளை

கோபப்படாமல் படியுங்கள். அரிசி இலவசம். பருப்பு, எண்ணெய் அடிமாட்டு விலையில். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் காலையும் மதியமும் சாப்பாடு. பெண்களுக்கு பஸ் இலவசம். 2023 செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி. இந்தியாவில் வேறு எந்த மாநிலத்தில் இத்தனை இருக்கிறது? இவ்வளவுக்குப் பிறகும் பசி என்றால், பணம் டாஸ்மாக்குக்குப் போகிறது என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

இன்னொன்று. எங்கள் தெருவில் மாவுக்கடைக்காரர் ரேஷன் அரிசியை வீடு வீடாக வாங்குகிறார், கிலோ பத்து ரூபாய். பசியில் இருக்கிறவர் அரிசியை விற்பாரா?

3. வாணி வியாசர்பாடி

குடி உண்டு. மறைக்க என்ன இருக்கிறது? என் அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். ஆனால் குடிகாரர் குடித்த பிறகு அந்த வீட்டில் பசியோடு இருப்பது யார்? அவர் மனைவியும் பிள்ளைகளும்தானே? "அவன் குடிக்கிறான், அதனால் உனக்குப் பசி இல்லை" என்று சொல்ல வருகிறீர்களா?

எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வேலைக்குப் போகிறவர், அப்புறம் பிள்ளைகள், கடைசியில் பாத்திரத்தில் ஒட்டியிருப்பது அம்மாவுக்கு. "எனக்கு நெஞ்செரிச்சலா இருக்கு, சோறு வேணாம்" என்று அம்மா சொல்லும் நாளெல்லாம் மாதக் கடைசி என்பது எனக்கு ஒன்பதாம் வகுப்பில்தான் உறைத்தது. அதுவரை அம்மாவுக்கு நிஜமாகவே நெஞ்செரிச்சல் என்று நினைத்து பெட்டிக்கடையில் சோடா வாங்கிக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறேன்.

அரிசி விற்கும் கதைக்கு வருகிறேன். நாங்களும் விற்றிருக்கிறோம். வாடகை ஐந்தாம் தேதி. வீட்டுக்காரர் அரிசி வாங்கிக்கொள்ள மாட்டார். இருபது கிலோவில் ஆறு கிலோ போட்டால் அறுபது ரூபாய் வரும், அது ஒரு வாரத்துப் பாலுக்கோ காய்ச்சல் மாத்திரைக்கோ ஆகும். வீட்டில் பொருளாக இருந்தது அது ஒன்றுதான், அதனால் அதை விற்றோம். மிஞ்சிப் போய் விற்கவில்லை.

4. எடைக்கல்

31 வருடம் கூட்டுறவு ரேஷன் கடையில் எடை போட்டு, பில் போட்டு ஓய்வு பெற்றவன். 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய் ஆனபோதும், 2011 ஜூனில் இலவசம் ஆனபோதும் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நல்ல விஷயம். மத்திய அரசின் 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமத்தில் 75 சதவீதம் பேருக்கும் நகரத்தில் 50 சதவீதம் பேருக்கும்தான் தானியம் தரச் சொல்கிறது, அதுவும் 2011 கணக்கெடுப்பை வைத்து. அதற்குப் பிறகு பிறந்தவர்களும் நகரத்துக்கு வந்தவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. தமிழ்நாடு 2016 நவம்பரில் அந்தச் சட்டத்துக்குள் போனபோதும், அரிசி கார்டு வைத்திருந்த எல்லோருக்கும் அரிசி என்ற பழைய வழக்கத்தை விடவில்லை. மேல்செலவை மாநிலமே போட்டுக்கொள்கிறது. "நீ ஏழையா, நிரூபி" என்று கடை வாசலில் கேட்காததால்தான் இங்கே பட்டினிச் சாவு என்ற பேச்சு அடங்கியது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இப்போது கெட்ட விஷயம். எல்லோருக்கும் என்றால், கார்டு உள்ள எல்லோருக்கும். கார்டுக்கு விலாசம் வேண்டும். வாடகை வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார், கரண்ட் பில் ஜெராக்ஸ் கேட்டால் "எதுக்கு, நாளைக்கு வீடு உன்னுதுன்னு சொல்லவா" என்பார். என் கவுண்டரில் வந்து அழுதவர்களில் பாதிப் பேர் இந்த ரகம். மீதிப் பேர் விரல் ரேகை விழாதவர்கள். சோப்புத்தூளிலும் சாம்பலிலும் தேய்ந்த விரல் மிஷினுக்குப் பிடிபடாது. இப்போது கருவிழி பார்க்கும் கருவி வந்திருக்கிறது. வர முடியாத வயதானவர்கள் படிவம் கொடுத்து வேறு ஆளை அனுப்பலாம், பல பேருக்கு அது தெரியாது. 2025 ஆகஸ்டில் 70 தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே வண்டி வர ஆரம்பித்தது.

எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று 2020 அக்டோபரில் அறிவித்தார்கள். உண்மைதான், மிஷின் பில் போடும். ஆனால் கடைக்கு வரும் பருப்பும் பாமாயிலும் அந்தக் கடைக் கார்டுகளின் கணக்குப்படி வருகிறது. வெளிக் கார்டுக்கு முதல் வாரத்திலேயே கொடுத்துவிட்டு, இருபதாம் தேதி சொந்தக் கார்டுக்காரர் வந்து சட்டையைப் பிடித்தால் விற்பனையாளர் என்ன செய்வார்? அதனால் "உங்க கடைக்கே போங்கம்மா" என்று சொல்லி அனுப்புவோம். நானும் சொல்லியிருக்கிறேன். கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஆட்களை மாற்றியபோது கார்டு பழைய இடத்திலும் ஆள் புதிய இடத்திலுமாக அலைந்தவர்கள் எத்தனையோ பேர்.

சம்பந்தம் இருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். 2023 ஏப்ரலில் கடைக்குச் செறிவூட்டிய அரிசி வர ஆரம்பித்தது. நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகளைக் கலந்திருப்பார்கள். ஊறவைத்தால் அது மட்டும் மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்று அதைப் பொறுக்கி எறிகிறார்கள் நம் ஜனங்கள். யாரும் எறியாதீர்கள், அரிசியிலேயே சத்துள்ள மணி அதுதான். நாங்கள் போர்டில் எழுதிப் போட்டோம், யார் படிக்கிறார்கள்?

5. ஏழாவது மாடி

எடைக்கல் ஐயா, நன்றி. பிளாஸ்டிக் அரிசி என்று எங்கள் வீட்டிலும் பொறுக்கி எறிந்திருக்கிறோம். அம்மாவிடம் இன்றே சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை சாருக்கு ஒரு தகவல். பருப்பு கேட்ட பெண்ணிடம் இன்று காலை பேசினேன். "அரிசி இருக்கு" என்று சொன்னாரே, அது ரேஷனில் அவர் வாங்கியது இல்லை. அவருக்குக் கார்டே கிடையாது. கல்யாணம் ஆனதும் அம்மா வீட்டுக் கார்டிலிருந்து பேரை எடுத்து மாமியார் வீட்டுக் கார்டில் சேர்த்தார்கள். புருஷன் விட்டுப் போய் மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கார்டு இன்னமும் மாமியாரிடம். இவர் பேருக்கும் சேர்த்து அவர்கள் வாங்குகிறார்கள். நீக்கச் சொன்னால், "எங்க வீட்டு மானம் என்னாவது" என்கிறார்களாம். ஆன்லைனில் நீக்கலாம் என்று பார்த்தால், கார்டில் பதிந்த செல்போனுக்குத்தான் ஓடிபி போகிறது. அது மாமனார் நம்பர்.

அதனால் இவர் பக்கத்து பிளாக்கில் கிலோ பத்து ரூபாய்க்கு ரேஷன் அரிசி வாங்குகிறார். உங்கள் மாவுக்கடைக்காரர் கொடுக்கிற அதே விலைதான். அது விற்பனைக்கு வராவிட்டால் இவருக்கு அரிசியும் கிடையாது. இதைச் சரி என்று நான் சொல்லவில்லை. நடப்பது இது.

கார்டு இல்லாததால் பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை, பொங்கல் தொகுப்பு இல்லை. 1000 ரூபாயும் இல்லை, ஏனென்றால் அந்த விண்ணப்பமே ரேஷன் கார்டை வைத்துத்தான் வாங்கினார்கள். நாலாவது படிக்கும் மகனுக்குக் காலையிலும் மதியமும் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு. பள்ளிக்கூடம் கார்டு கேட்பதில்லை. அதனால் அந்த வீட்டில் பையன் சாப்பிடுகிறான், அம்மா சாப்பிடுவதில்லை.

6. பனியன் ஊர்

திருப்பூரிலிருந்து. எங்கள் காம்பவுண்டில் பதினாறு ரூம், அதில் பதினோரு ரூம் ஒடிசா, பீகார் பிள்ளைகள். "ஒரே நாடு ஒரே ரேஷன்" என்று பேப்பரில் வருகிறது. நிஜத்தில், அவர்கள் கார்டில் இருக்கும் ஆளுக்கு ஐந்து கிலோவை இங்கே வாங்கலாம். 2023 ஜனவரியிலிருந்து அதற்கும் காசு இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கார்டு ஊரில், அப்பா அம்மாவிடம். இவன் பங்கை இவன் இங்கே எடுத்தால் அங்கே பானையில் குறையும். பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். தமிழ்நாட்டுப் பருப்பும் பாமாயிலும் மாநிலம் தன் காசில் தருவது, அது இவர்களுக்குக் கிடையாது.

ஆர்டர் இல்லாத வாரத்தில் ரூமில் நாலு பேர் சேர்ந்து ஒரு வேளைதான் சமைக்கிறார்கள். உருளைக்கிழங்கும் சோறும். கேட்டால் சிரிப்பார்கள். இந்தி தெரியாத எனக்குப் புரிந்த ஒரே பதில் அந்தச் சிரிப்புதான்.

கிராமத்தில் 100 நாள் வேலை என்று ஒன்று இருந்தது, நகரத்துக் கூலிக்கு அந்த மாதிரி நாடு முழுக்க ஓர் உத்தரவாதம் என்றைக்குமே இருந்ததில்லை. அதையும் யாராவது பேசுங்கள்.

7. சத்துணவு டீச்சர்

வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. பள்ளிக்கூடம் கார்டு கேட்பதில்லை என்ற வரியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

சென்னையில் மாநகராட்சிப் பள்ளியில் சாப்பாடு போடுவது நேற்று வந்த யோசனை இல்லை. நீதிக்கட்சிக் காலத்தில், தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஆரம்பித்தது. அப்புறம் காமராஜர், எம்.ஜி.ஆர். கலைஞர் முட்டையைச் சேர்த்தார். இப்போது வாரத்தில் ஐந்து நாளும் முட்டை. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவு தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகள், 2023 ஆகஸ்டில் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளும் சேர்ந்தன. திங்கட்கிழமை காலை பிரேயரில் மயங்கி விழும் பிள்ளைகள் இப்போது குறைந்துவிட்டார்கள். இதை என் கண்ணால் பார்க்கிறேன்.

ஆனால் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. காலை உணவு ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாவது போனதும் அந்தப் பிள்ளைக்குக் காலையில் பசிக்காதா? பக்கத்துக் கட்டடத்துக்கு மாறியிருக்கிறது, வயிறு அதே வயிறுதான். இரண்டாவது, சனி ஞாயிறு. திங்கட்கிழமை மதியம் மட்டும் சாதம் எப்போதும் பற்றாது, எங்கள் சமையலம்மா அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு கைப்பிடி கூடவே போடுவார். மூன்றாவது, மே மாதம். எல்லோரும் லீவு என்று சந்தோஷப்படுகிறார்கள். எங்கள் பிள்ளைகளில் சில பேருக்கு அதுதான் வருடத்தின் பஞ்ச மாதம். ஜூன் முதல் வாரம் எடை பார்த்தால் தெரியும்.

8. கணக்குப்பிள்ளை

சரி. கார்டு இல்லாமல் விலை கொடுத்து ரேஷன் அரிசி வாங்கும் ஆள் இருக்கிறார் என்று நான் யோசித்ததில்லை. டாஸ்மாக் வரியைத் திரும்பப் பெறுகிறேன், முழுவதும் இல்லை, பாதி.

ஆனால் கேள்வி நிற்கிறது. அரிசி வேண்டாதவருக்கு அரிசி, அவர் அதை விற்கிறார், கார்டு இல்லாதவர் வாங்குகிறார். நடுவில் மாவுக்கடை, கடத்தல், லாரி. இதற்குப் பதில் பணமாகவே பேங்கில் போட்டுவிட்டால் என்ன? பருப்பு வேண்டியவர் பருப்பு வாங்கட்டும், கேஸ் வேண்டியவர் கேஸ் வாங்கட்டும். ஏழாவது மாடி வீட்டுக் கணக்கே அதைத்தானே சொல்கிறது?

9. முத்தியால்பேட்டை

அந்தப் பரிசோதனைச் சாலையில் குடியிருந்தவன் பேசுகிறேன். எங்கள் புதுச்சேரியில் 2015இல் சட்டப்படி தரவேண்டிய தானியத்துக்குப் பதில் பேங்கில் பணம் என்று தொடங்கினார்கள். பிறகு புதுச்சேரி அரசு தந்த இலவச அரிசியும் பணமாகவே மாறியது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களின் சிவப்புக் கார்டுக்கு 20 கிலோவுக்கு 600 ரூபாய், மற்றவர்களின் மஞ்சள் கார்டுக்கு 10 கிலோவுக்கு 300. கிலோவுக்கு 30 ரூபாய் கணக்கு. அந்த 30 ரூபாய்க்கு வாயில் வைக்கிற அரிசி எந்தக் கடையில் கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பணமும் மாதாமாதம் வராது, நாலு மாதம் சேர்ந்து ஒரு நாள் வரும். அது யார் கணக்கில் வருகிறது, ஏடிஎம் கார்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு வேறு. அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சாராயக்கடைக்குப் போக முடியாது, ஏடிஎம் கார்டோடு போகலாம். டாஸ்மாக்கைப் பற்றிக் கவலைப்பட்டவர் பணமாகக் கொடு என்பதுதான் எனக்கு வேடிக்கை.

கடைகள் மூடிக் கிடந்து பூட்டு துருப்பிடித்தது. எடை போட்டவர்கள் சம்பளம் இல்லாமல் ரோட்டில் உட்கார்ந்தார்கள். 2024 தீபாவளிச் சமயத்தில்தான் கடைகளைத் திறந்து திரும்ப அரிசி போட ஆரம்பித்தார்கள். திறந்த அன்று எங்கள் தெருக் கிழவிகள் பையோடு நின்ற நிற்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், சார். தேரோட்டம்தான்.

10. வாணி வியாசர்பாடி

பணம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த 1000 ரூபாய் அம்மா கணக்கில் வருவதால்தான் எங்கள் வீட்டில் பதினைந்தாம் தேதி கேஸ் வருகிறது. அரிசிக்குப் பதிலாக வேண்டாம், அரிசியோடு கூட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அதிலும் வடிகட்டல் இருக்கிறது. 2023இல் 1 கோடியே 63 லட்சம் பேர் மனுக் கொடுத்து, 1 கோடியே 6 லட்சம் பேருக்குத்தான் வந்தது. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரே கூரையில் மூன்று குடும்பம், ஒரே மீட்டர். வருடத்துக்கு 3600 யூனிட் தாண்டினால் கிடையாது என்பது விதி. மூன்று குடும்பம் ஓட்டும் மூன்று பேன் சேர்ந்து அவர்களைப் பணக்காரர் ஆக்கிவிட்டது! முதியோர் பென்ஷன் வாங்குகிற பாட்டிக்கும் அந்த விதிகளில் 1000 கிடையாது. பென்ஷன் 1200 ரூபாய். அதில் டெல்லி தருவது 200, எண்பது வயது தாண்டினால் 500. அந்த 200ஐ 2007இலிருந்து ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை. 2007இல் இட்லி என்ன விலை, இப்போது என்ன விலை?

இட்லி என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மா உணவகத்தைக் கணக்குப்பிள்ளை சார் ஒரு வரியில் சொன்னதோடு சரி, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

11. எடைக்கல்

பேச வேண்டியது அதைத்தான். 2013 பிப்ரவரியில் மாநகராட்சி தொடங்கியது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. இன்றும் அதே விலை. அங்கே யாரும் கார்டு கேட்க மாட்டார்கள், விரலை வை என்று சொல்ல மாட்டார்கள். பிளாட்பாரத்தில் படுக்கிறவர், மீன்பாடி வண்டிக்காரர், ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வந்த கிராமத்துக்காரர், பனியன் ஊர் சொன்ன வடக்கத்திப் பையன், எல்லோரும் ஒரே வரிசை. 2020 ஊரடங்கில் அங்கேதான் இலவசமாகப் போட்டார்கள். அன்றைக்கு அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நடுங்குகிறது.

ஆட்சி மாறினால் மூடிவிடுவார்கள் என்றார்கள், மூடவில்லை. ஆனால் நடுவில் மிக்சி ரிப்பேர், ராத்திரி சப்பாத்தி இல்லை என்று சோர்ந்து கிடந்தது. 2024 ஜூலையில் முதலமைச்சர் போய்ப் பார்த்து, பாத்திரத்துக்கும் கட்டடத்துக்குமாக 21 கோடி ஒதுக்கினார்கள். என் குறை வேறு. வார்டுக்கு இரண்டு என்று சமமாகப் பிரித்தார்கள். பசி அப்படிச் சமமாகவா பிரிந்திருக்கிறது? ஆயிரக்கணக்கான வீடுகளை ஒரே இடத்தில் கட்டிக் கொண்டுபோய்க் குவித்துவிட்டு, அங்கே சாப்பாட்டுக்கடை எண்ணிக்கையை மட்டும் பழைய கணக்கில் வைத்தால் எப்படி?

ஏழாவது மாடி, உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு: ஆன்லைனை விட்டுவிடுங்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வழங்கல் துறை குறைதீர் முகாம் நடக்கும். கணவர் பிரிந்திருக்கிறார், பேரை நீக்கித் தனிக் கார்டு வேண்டும் என்று ஒரே மனுவில் எழுதுங்கள். போலீஸ் புகார் நகலோ கோர்ட்டுக் காகிதமோ எது இருந்தாலும் வையுங்கள். தனியாகச் சமைக்கிறார் என்று விசாரிக்க வீட்டுக்கு ஆள் வருவார், அடுப்பும் பாத்திரமும் இருக்கட்டும்.

12. ஏழாவது மாடி

ஒன்றும் இல்லை ஐயா, புகார் எல்லாம் கொடுக்கவில்லை. பையன் பள்ளிக்கூட அட்டையில் இந்த விலாசம் இருக்கிறது, ஆதாரில் மாற்றிவிட்டார். அது போதுமா? போன வருடம் ஓர் அலுவலகத்துக்குப் போய் மூன்று மணி நேரம் நின்றாராம். "புருஷனைக் கூட்டிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். புருஷன் எங்கே என்று தெரிந்தால் இவர் ஏன் அங்கே போகிறார்?

இந்த முறை நானும் கூடப் போகிறேன். சனிக்கிழமைக்கு அவர் வேலை வீட்டில் லீவு கேட்டிருக்கிறார். அன்றைக்கு அங்கே விருந்தாளிகள் வருகிறார்களாம், லீவு உண்டா இல்லையா என்று அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சொல்வார்களாம்.

13. எடைக்கல்

ஆதாரும் பள்ளி அட்டையும் வைத்து மனுக் கொடுங்கள், வாங்கமாட்டேன் என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போது வாங்கிக்கொள்வார்கள். எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ். ஒன்றில் சீல் போட்டு வாங்காமல் வராதீர்கள். லீவு கிடைக்காவிட்டால் அடுத்த மாத முகாம். அதுவரை அந்தம்மாவுக்குப் பருப்பு நீங்கள்தான்.